களிமண் தட்டுச் சுடும் கிளப்புக்கு வகுப்பும் ஹேண்டிகேப்பும் அமைக்கும் முறை

இருபது முப்பது உறுப்பினர்கள் உள்ள ஒரு கிளே பிஜன் கிளப்பில் (எந்திரம் வீசும் களிமண் தட்டை ஷாட்கன்னால் சுடும் கிளப்), திறமை வித்தியாசத்தை ஈடுகட்டும் ஹேண்டிகேப் ஏதும் இல்லாமல் போட்டி வைத்தால், ஆண்டு முழுக்க அதே இரண்டு மூன்று பேர்தான் பரிசு வாங்குவார்கள். மற்றவர்கள் கட்டணம் கட்டிவிட்டுக் கைதட்டுவார்கள். அடுத்த ஆண்டு பாதிப் பேர் வரமாட்டார்கள். ஹேண்டிகேப்பைத் தப்பாக வைத்தால் இன்னும் கெடுதல். பல வருடம் உழைத்து நன்றாகச் சுடக் கற்றவர் ஒவ்வொரு வாரமும் தோற்பார். வேண்டுமென்றே தட்டைத் தவறவிடுவது லாபமாகிவிடும். இரண்டையும் தவிர்க்க ஒழுங்கான பதிவும் கொஞ்சம் கூட்டல் கழித்தலும் போதும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த விளையாட்டு பெரும்பாலும் ஒலிம்பிக் ட்ராப் (சுடுபவருக்கு முன்னாலிருந்து விலகிப் பறக்கும் தட்டைச் சுடும் பிரிவு) வழியாகத்தான் பழக்கம். புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டது அந்தப் பிரிவில்தான். அங்கே ஹேண்டிகேப் கிடையாது. எல்லாருக்கும் ஒரே கோடு, ஒரே 24 கிராம் தோட்டா. இங்கே சொல்லப்போவது வேறு உலகம்: இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை காலை வயல்வெளியில் தட்டு வீசும் ஐந்தாறு எந்திரங்களை வெவ்வேறு இடத்தில் நிறுத்தி, ஆளுக்கு 50 தட்டு சுடும் ஸ்போர்ட்டிங் கிளப். ட்ராப் மட்டும் சுடும் கிளப்புக்குப் பொருந்தும் முறையும் பின்னால் வருகிறது.

வகுப்பா, ஹேண்டிகேப்பா

இரண்டும் ஒன்றல்ல. வகுப்பு என்பது சராசரியைப் பார்த்து ஆட்களைப் பிரிப்பது. ஏ வகுப்பார் ஏ வகுப்பாருடன் மட்டும் மோதுவார்கள், ஸ்கோரில் கை வைப்பதில்லை. ஹேண்டிகேப் எல்லாரையும் ஒரே பட்டியலில் வைத்து, ஸ்கோரையோ நிற்கும் தூரத்தையோ மாற்றி அவர்களைச் சமப்படுத்தப் பார்ப்பது.

எது வேண்டும் என்பதை ஆள் எண்ணிக்கையே முடிவு செய்யும். ஒரு வகுப்பில் ஐந்து பேராவது இல்லாவிட்டால் வகுப்புப் பரிசுக்கு மரியாதை இல்லை. இரண்டு பேர் உள்ள வகுப்பில் வெல்வது வெற்றியே அல்ல. ஆகவே பதினைந்துக்குக் கீழே வருகிற கிளப்பில் ஹேண்டிகேப் மட்டும் போதும். முப்பதுக்கு மேல் என்றால் வகுப்புகள் தாங்கும். நடுவில் இருப்பவர்கள் ஆண்டு முழுவதற்குமான தொடருக்கு ஹேண்டிகேப்பும், வெளியாட்கள் வரும் திறந்த போட்டிக்கு (பின்னால் விளக்கும்) லூயிஸ் முறையும் வைத்துக்கொள்வது நல்லது.

எதை வைத்தாலும் ஒன்றை விடக்கூடாது: ஹேண்டிகேப் சேர்க்காத நேர் ஸ்கோருக்கு ஒரு பரிசு எப்போதும் இருக்கவேண்டும். அன்று அதிகத் தட்டு உடைத்தவர் யார் என்பதுதான் விளையாட்டின் முதல் கேள்வி.

முதலில் பதிவேடு

கணக்கு கெடுவது பெரும்பாலும் சூத்திரத்தால் அல்ல, பதிவேட்டால். ஒவ்வொரு போட்டிக்கும் தேதி, பிரிவு, மொத்தத் தட்டு, உடைத்த தட்டு, காற்று மழை பற்றி ஒரு சொல், இவ்வளவும் எழுதியாகவேண்டும். ஸ்போர்ட்டிங், ஸ்கீட், ட்ராப் மூன்றையும் ஒரே சராசரியில் கலக்காதீர்கள். ஸ்கீட்டில் தட்டு வரும் பாதை என்றைக்கும் ஒன்றுதான். ஸ்போர்ட்டிங்கில் எந்திரத்தை இரண்டு அடி நகர்த்தினாலே வேறு தட்டு. ஸ்கீட்டில் 90 சதவீதம் எடுப்பவர் ஸ்போர்ட்டிங்கில் 65-ல் நிற்பது சாதாரணம்.

எது உடைந்தது, எது உடையவில்லை என்பதில் எல்லா ஸ்டாண்டிலும் (நின்று சுடும் இடத்திலும்) ஒரே அளவுகோல் வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற ஒரு துண்டாவது பிரிந்தால் உடைந்தது. தூசு மட்டும் பறந்தால் தவறியது. ஒரு ஸ்டாண்டில் ஸ்கோர் எழுதுபவர் தூசையும் சேர்த்து எண்ணினால், அங்கே சுடும் எல்லாருக்கும் ஒன்றிரண்டு கூடும். பிறகு அது சராசரியில் ஆறு மாதம் உட்கார்ந்திருக்கும். எந்திரத்திலிருந்தே உடைந்து வரும் தட்டும், தவறான பாதையில் போன தட்டும் நோ பேர்ட். அவை மொத்தத்தில் சேராது, மறுபடி விடவேண்டும்.

சராசரி எடுக்கும்போது அடிக்கடி நடக்கும் பிழை, சதவீதங்களைக் கூட்டி வகுப்பது. ஒருவர் 25 தட்டில் 22 (88 சதவீதம்), பிறகு 100 தட்டில் 61 (61 சதவீதம்) எடுத்தார் என்று வையுங்கள். சதவீதங்களின் சராசரி 74.5. உண்மையில் அவர் 125 தட்டில் 83 உடைத்தார், அது 66.4. எட்டு சதவீத வித்தியாசத்தில் ஒரு வகுப்பே மாறிப்போகும். உடைத்தவற்றைத் தனியே கூட்டி, மொத்தத் தட்டால் வகுக்கவேண்டும்.

எத்தனை தட்டுக்குப் பிறகு சராசரியை நம்பலாம்? பத்துக்கு ஆறு உடைக்கும் திறமை உள்ளவர் 50 தட்டு சுட்டால், அதிர்ஷ்டம் மட்டுமே அவர் ஸ்கோரை ஏழு சதவீதம் மேலேயோ கீழேயோ தள்ளும். 100 தட்டில் அது ஐந்து, 250 தட்டில் மூன்று. ஆகவே ஒரே போட்டியைப் பார்த்து யாருக்கும் எதையும் நிர்ணயிக்கக்கூடாது. நாங்கள் பரிந்துரைப்பது: கடைசி ஆறு போட்டிகளை எடுத்து, அவற்றில் மிகக் குறைந்த ஒன்றை நீக்கி, மீதி ஐந்தின் சராசரி. குறைந்ததை நீக்குவது இரக்கத்துக்காக அல்ல. பரிசுப் போட்டிக்கு முன் ஒரு நாள் வேண்டுமென்றே கோட்டைவிட்டு ஹேண்டிகேப்பை ஏற்றிக்கொள்ளும் ஆசையை அது அடியோடு வெட்டுகிறது. ஆறில் இரண்டு நாள் அப்படிச் செய்தால் பதிவேட்டில் பளிச்சென்று தெரியும்.

கூட்டல் ஹேண்டிகேப்: எண்பது சதவீதம் ஏன்

மிக எளிய முறை, உடைத்த எண்ணிக்கையுடன் சில தட்டுகளைச் சேர்ப்பது. முதலில் கிளப்புக்கு ஓர் அடிப்படை எண் வேண்டும். கிளப்பின் மிகச் சிறந்த இருவர் மூவரின் சராசரியை மேலே சொன்ன முறையிலேயே எடுத்து, ஒரு பருவம் முழுக்க மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். அது 50-க்கு 46 என்று வைப்போம்.

பலர் செய்வது, 46-லிருந்து உறுப்பினரின் சராசரியைக் கழித்து வரும் முழு எண்ணையும் கொடுப்பது. சராசரி 30 என்றால் 16, சராசரி 42 என்றால் 4. பார்க்க நியாயமாகத் தோன்றும்; எல்லாருடைய சராசரியும் 46-ல் போய் நிற்கிறதே! ஆனால் போட்டியை வெல்வது சராசரி நாள் அல்ல, நல்ல நாள். 30 எடுப்பவருடைய ஸ்கோர் இயல்பாகவே மேலும் கீழும் அதிகம் ஆடும். 46 எடுப்பவருக்கு மேலே போக நான்கு தட்டுதான் மிச்சம். 30 எடுப்பவரின் மிக நல்ல நாள் 37. முழு ஹேண்டிகேப்புடன் அது 53. 42 எடுப்பவரின் அதே அளவு நல்ல நாள் 47; நான்கு சேர்த்தால் 51. 46 எடுப்பவரின் மிக நல்ல நாள் 50-க்குச் சற்றுக் குறைவு, சேர்க்க ஒன்றுமில்லை. ஆக, முழு ஹேண்டிகேப் கொடுக்கும் கிளப்பில் கோப்பை கீழ்வரிசைக்கே போய்க்கொண்டிருக்கும். அங்கே யாரும் ஏமாற்றவேண்டியதே இல்லை, கணக்கே அப்படி.

வித்தியாசத்தில் 80 சதவீதம் மட்டும் கொடுத்துப் பாருங்கள். 30 எடுப்பவருக்கு 16-க்குப் பதில் 12.8, முழுமையாக்கினால் 13. அவருடைய நல்ல நாள் 37, கூட்டினால் 50. 42 எடுப்பவருக்கு 3.2, அதாவது 3. நல்ல நாள் 47, கூட்டினால் 50. 46 எடுப்பவருக்குப் பூஜ்யம். நல்ல நாளில் அவரும் 50-ஐத் தொடுகிறார். மூன்று பேரும் தங்கள் நல்ல நாளில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். சாதாரண நாளில் நன்றாகச் சுடுபவருக்கு ஒன்று முதல் மூன்று தட்டு சாதகம். அது அவருக்கு உரியதுதான்.

சூத்திரம் இதுதான்: அடிப்படை எண்ணிலிருந்து சராசரியைக் கழித்து, 0.8-ஆல் பெருக்கி, அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றுங்கள். 50 தட்டுக்கு அதிகபட்சம் 20. சராசரி அடிப்படையைத் தாண்டியவருக்குப் பூஜ்யம். மைனஸ் ஹேண்டிகேப் வேண்டாம். ஒரு மனிதர் உண்மையில் உடைத்த தட்டை அழித்துக் காட்டும் பட்டியலை யாரும் விரும்பமாட்டார்கள்.

ஓர் உறுப்பினரின் கடைசி ஆறு ஸ்கோர் 31, 28, 35, 24, 33, 30 என்று எடுத்துக்கொள்வோம். 24-ஐ நீக்கினால் மீதி 157, சராசரி 31.4. 46-லிருந்து கழித்தால் 14.6, எண்பது சதவீதம் 11.68, ஹேண்டிகேப் 12. அடுத்த போட்டியில் அவர் 38 உடைத்து, 12 சேர்த்து, 50-உடன் வெல்கிறார். இப்போது கடைசி ஆறு போட்டிகளின் பட்டியல் ஒரு போட்டி நகர்கிறது: 28, 35, 24, 33, 30, 38. மறுபடி 24 போய், மீதி 164, சராசரி 32.8, ஹேண்டிகேப் 10.56, அதாவது 11. ஒரே ஒரு தட்டுதான் குறைந்தது! சராசரி மெதுவாகவே நகரும். திடீரென்று முன்னேறும் ஒருவர் அது எட்டிப் பிடிப்பதற்குள் மூன்று கோப்பை வாங்கிவிடுவார். அதற்காகத்தான் வெற்றி வெட்டு: ஹேண்டிகேப் போட்டியில் முதலாவது வந்தவருக்கு அடுத்த மூன்று போட்டிகளுக்கு 2 குறைவு, இரண்டாவது வந்தவருக்கு 1 குறைவு. இவர் அடுத்த முறை 9-உடன் நிற்பார்.

கூட்டிய ஸ்கோர் 50-ஐத் தாண்டினால் 50 என்றே எழுதவேண்டும் என்று சில கிளப்புகளில் விதி உண்டு. அதை வைக்காதீர்கள். நல்ல வானிலையுள்ள ஒரு நாளில் நான்கு பேர் 50-ல் குவிந்து நிற்பார்கள், உண்மையில் முந்தியவர் யார் என்பது மறைந்துபோகும். 52 என்றே எழுதுங்கள். அடிக்கடி 50-ஐத் தாண்டுகிறார் என்றால் ஹேண்டிகேப் பழசாகிவிட்டது என்று அர்த்தம்.

தவறவிட்ட தட்டில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும் முறையும் புழக்கத்தில் இருக்கிறது. 30 உடைத்து 20 தவறவிட்டவருக்கு 0.7 பங்கு என்றால் 14 சேரும், மொத்தம் 44. எப்போதும் 50-ஐத் தாண்டாது என்பது இதன் கவர்ச்சி. குறை என்னவென்றால், அவர் கூடுதலாக உடைக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் அவருக்குக் கிடைப்பது 0.3 மட்டுமே, மீதியை இழந்த ஹேண்டிகேப் தின்றுவிடுகிறது. வாழ்நாளின் சிறந்த சுற்றைச் சுட்டாலும் புதியவர் மேலே வரமாட்டார். வருடத்துக்கு ஒரு வேடிக்கைப் போட்டிக்குச் சரி, தொடருக்கு வேண்டாம்.

காற்றடித்த நாள்

ஸ்போர்ட்டிங்கில் ஒரு நாள் போல மறுநாள் இருக்காது. தட்டு 105 கிராம்தான். எதிர்காற்றில் எழும்பும், பின்காற்றில் அமுங்கிப்போகும். எந்திரம் அமைத்தவர் அன்று 90 மில்லிமீட்டர் மிடி, 60 மில்லிமீட்டர் மினி என்ற சிறிய தட்டுகளைத் தாராளமாகக் கலந்திருந்தால் எல்லா ஸ்கோரும் இறங்கும். அந்த இறக்கத்தை அப்படியே சராசரியில் ஏற்றினால், அன்று வந்தவர்களுக்கெல்லாம் ஹேண்டிகேப் கூடிவிடும், வராதவர்கள் நஷ்டப்படுவார்கள்.

இதற்கு நாள் திருத்தம் என்று ஒன்று செய்யவேண்டும். அன்று சுட்டவர்களில் நிலைத்த சராசரி உள்ளவர்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொருவரின் ஸ்கோரிலிருந்து அவருடைய சராசரியைக் கழியுங்கள். பதினொரு பேருக்கு வந்தவை -7, -6, -5, -5, -4, -4, -3, -3, -1, 0, +2 என்றால், வரிசையில் நடுவில் நிற்பது -4. மைதானம் அன்று நான்கு தட்டு கடினமாக இருந்திருக்கிறது. பதிவேட்டில் எழுதும்போது எல்லாருக்கும் 4 கூட்டி எழுதுங்கள். அன்றைய முடிவுகளைத் தொடவேண்டாம்; எல்லாரும் ஒரே காற்றில்தான் சுட்டார்கள்.

அன்றைய முதல் மூன்று ஸ்கோரை அளவுகோலாக வைப்பதை விட நடு எண்ணை எடுப்பது பாதுகாப்பு. கிளப்பின் சிறந்த இருவர் அன்று வராவிட்டால் முதல் மூன்று ஸ்கோர் தானாகவே இறங்கும், மைதானத்தின் மேல் பழி விழும். எட்டுப் பேருக்குக் குறைவாக இருந்தால் திருத்தம் வேண்டாம். நடு எண் ஒன்றுக்குள் இருந்தாலும் வேண்டாம். ஐந்துக்கு மேல் எப்போதும் போகாதீர்கள். அதற்கு மேல் போனால் அன்றைய போட்டியையே சராசரிக்கு எடுத்துக்கொள்ளாமல் விடுவது நேர்மை.

வகுப்புகள்

இங்கிலாந்தில் சிபிஎஸ்ஏ (கிளே பிஜன் ஷூட்டிங் அசோசியேஷன்) தன் பதிவுபெற்ற போட்டிகளின் சராசரியைக் கொண்டு உறுப்பினர்களை ஏஏஏ, ஏஏ, ஏ, பி, சி என்று பிரிக்கிறது. அமெரிக்காவின் ஏடிஏ (அமெச்சூர் ட்ராப்ஷூட்டிங் அசோசியேஷன்) நடத்தும் ட்ராப்பில் 16 கெஜத்து ஒற்றைத் தட்டுக்கு ஏஏ வகுப்பு 97 சதவீதத்தில்தான் தொடங்குகிறது. ட்ராப்பில் நல்லவர்கள் எல்லாரும் உச்சியில் நெருக்கியடித்து நிற்பதால் அந்த உயரம். அந்த எண்களைத் தூக்கிவந்து ஒரு ஸ்போர்ட்டிங் கிளப்பில் போட்டால் முழுக் கிளப்பும் கடைசி வகுப்பில் கிடக்கும்.

உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாக எழுதுங்கள். எங்கே இரண்டு பேருக்கு நடுவில் நான்கைந்து சதவீதம் இடைவெளி விழுகிறதோ அங்கே கோடு போடுவது இயல்பு. பொதுவாக ஸ்போர்ட்டிங் கிளப்புக்கு 75-ம் மேலும் ஏ, 60 முதல் 75-க்குள் பி, 45 முதல் 60-க்குள் சி, அதற்குக் கீழே டி என்று தொடங்கினால் பெரும்பாலும் பொருந்தும். கோடு போட்ட பிறகு ஒரு பருவம் முடியும்வரை நகர்த்தக்கூடாது. யாரோ ஒருவருக்காக நகர்த்தியதாகவே பேச்சு வரும்.

மேலே ஏறுவது உடனே, கீழே இறங்குவது ஆண்டு முடிவில் மட்டும். இந்த ஒற்றை விதி பாதித் தகராறைத் தீர்க்கும். பி வகுப்பில் உள்ளவரின் சராசரி 75-ஐத் தொட்ட அடுத்த போட்டியிலேயே அவர் ஏ. இறங்குவதற்கு ஜனவரி 1 பட்டியல் வரை காத்திருக்கவேண்டும்; அதுவும் கோட்டுக்கு இரண்டு சதவீதம் கீழே போயிருந்தால்தான். இல்லையென்றால் 74.9-க்கும் 75.1-க்கும் நடுவில் ஒருவர் ஊஞ்சலாடிக்கொண்டிருப்பார், ஒவ்வொரு முறையும் தனக்கு வசதியான வகுப்பில். நோய், அறுவைச் சிகிச்சை, தோளில் காயம் போன்றவற்றுக்கு மட்டும் குழு நடுவிலேயே இறக்கலாம்.

கோல்ட்ஸ் (ஜூனியரை விட இளையவர்), ஜூனியர், பெண்கள், வெட்டரன் (மூத்தவர்) என்பவை வகுப்புகள் அல்ல, பிரிவுகள். ஒரு ஜூனியர் ஏ வகுப்பிலும் இருக்கலாம். வயதுக்காகவோ, 12 போரை விடச் சிறிய குழலுள்ள 20 போர் துப்பாக்கிக்காகவோ தனி ஹேண்டிகேப் கொடுக்கவேண்டாம். அவருடைய சராசரியே அந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடும். அதன் மேல் இன்னொன்று கொடுத்தால் இரண்டு முறை கொடுத்ததாகும். ஆனால் வழக்கமாக 12 போர் சுடுபவர் ஒரு நாள் இன்னும் சிறிய குழலுள்ள 410 எடுத்துவந்து சுட்டால் அந்த ஸ்கோரைச் சராசரியில் சேர்க்காதீர்கள்.

லூயிஸ் முறை

வெளியாட்கள் நிறைய வரும் நாளில் யாருடைய சராசரியும் உங்களிடம் இருக்காது. அதற்கென்றே உள்ளது லூயிஸ். எல்லாரும் சுட்டு முடித்த பிறகு ஸ்கோர்களை மேலிருந்து கீழாக எழுதி, இரண்டாகவோ மூன்றாகவோ வெட்டி, ஒவ்வொரு துண்டின் உச்சியில் நிற்பவருக்குப் பரிசு. கோடு எங்கே விழும் என்று சுடும்போது யாருக்கும் தெரியாது, ஆகவே ஸ்கோரை ஒளித்து ஆட வழியே இல்லை.

பதிமூன்று பேர், மூன்று வகுப்பு என்று வையுங்கள். சரியாகப் பிரியாதபோது சிறிய வகுப்பு மேலே வரவேண்டும்: 4, 4, 5. ஸ்கோர்கள் 47, 45, 44, 42, 42, 42, 39, 38, 36, 35, 33, 30, 26. முதல் கோடு நான்காவது ஸ்கோருக்குக் கீழே விழுகிறது. ஒரு 42 மேலே, இரண்டு 42 கீழே. ஒரே ஸ்கோரைப் பிரிக்கக்கூடாது. அதிகம் பேர் எந்தப் பக்கமோ எல்லாரும் அந்தப் பக்கம் போகவேண்டும். மூன்று 42-ம் இரண்டாம் வகுப்புக்கு. அடுத்த கோடு இருந்த இடத்திலேயே இருக்கும், இந்த மாற்றத்துக்காக அதை நகர்த்தக்கூடாது. முதல் வகுப்பை 47, மூன்றாம் வகுப்பை 36 வெல்கின்றன. இரண்டாம் வகுப்பில் மூன்று 42-ம் மோதித் தீர்க்கவேண்டும். கோட்டின் இரு பக்கமும் சம எண்ணிக்கை இருந்தால் எல்லாரையும் கீழ் வகுப்பின் தலையில் வையுங்கள். எத்தனை வகுப்பு என்பதை முதல் தோட்டா வெடிப்பதற்கு முன்பே பலகையில் எழுதிவிடவேண்டும். ஸ்கோரைப் பார்த்த பிறகு தீர்மானித்தால் அது லூயிஸே அல்ல.

ட்ராப்: பின்னால் நிறுத்துவது

ஐந்து நிலைகளும் ஒரே எந்திரமும் உள்ள ட்ராப்பில் ஸ்கோரைத் தொடாமல் ஆளையே பின்னால் நகர்த்தலாம். உயிருள்ள புறாக்களைச் சுட்ட காலத்திலிருந்து வரும் பழக்கம் இது. பிரிட்டனில் 1921 சட்டம் அந்தப் போட்டிகளைத் தடை செய்தது, தூர ஹேண்டிகேப் மட்டும் களிமண் தட்டோடு ஒட்டிக்கொண்டது. அடிப்படை 16 கெஜம், அதாவது 14.6 மீட்டர். ஏடிஏ 27 கெஜம் வரை போகிறது, அரை கெஜப் படிகளில். அங்கே ஹேண்டிகேப் போட்டியில் 100-க்கு 96 எடுத்தாலே அரை கெஜம் பின்னால் போகவேண்டும். 100-க்கு 100 எடுத்தால் ஒரு கெஜம்.

பின்னால் போவதால் ஏன் கடினமாகிறது? தட்டு போய்க்கொண்டே இருக்கிறது. நீங்கள் பத்து கெஜம் பின்னால் நின்றால் குண்டுமணிகள் அவ்வளவு தூரம் கூடுதலாகப் பறக்கவேண்டும். அதற்குள் அவை பரவி இடைவெளி விழும், தட்டுக்கு முன்னால் தள்ளிக் குறிவைக்கும் அளவும் கூடும். சிறு பிழை 16-ல் மன்னிக்கப்படும், 25-ல் மன்னிக்கப்படாது. அமெரிக்காவில் ஒரு அவுன்ஸும் எட்டில் ஒரு பங்கும் சேர்ந்த ஈயம் வரை அனுமதி, ஏறக்குறைய 32 கிராம். இங்கிலாந்தில் வழக்கமான 28 கிராமுடன் 23 கெஜத்தோடு நிறுத்திக்கொள்வதே சிறு கிளப்புக்குச் சரி.

தொடக்க அளவாக இதை வைக்கலாம்: 25-க்குச் சராசரி 17-க்குக் கீழ் உள்ளவர் 16 கெஜம், 17 முதல் 19 வரை 17 கெஜம், 20, 21 என்றால் 18, 22 என்றால் 19, 23 என்றால் 20, 24-ம் மேலும் 21. பிறகு வென்றவர் அரை கெஜம் பின்னால். நான்கு போட்டி தொடர்ந்து பாதிக்குக் கீழே வந்தவர் அரை கெஜம் முன்னால்.

பாதுகாப்பு இங்கே கணக்கை விட முக்கியம். ஐந்து பேரும் வெவ்வேறு தூரத்தில் நின்றால், முன்னால் நிற்பவரின் காதுக்குப் பக்கத்தில் பின்னால் நிற்பவரின் குழல் வாய் வரும். அடுத்தடுத்து நிற்பவர்களுக்கு நடுவில் இரண்டு கெஜத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஒரு ஸ்க்வாடுக்குள் (சேர்ந்து சுடும் ஐவர் அணி) மொத்தம் மூன்று கெஜம். இதற்காகவே ஸ்க்வாடைத் தூரத்தின்படி அமைக்கவேண்டும், நண்பர்களின்படி அல்ல.

இதன் குறையையும் அறிந்து வைக்கவேண்டும். 16-க்கு முன்னால் யாரையும் நிறுத்த முடியாது. நல்லவர்களை இழுத்துப் பிடிக்குமே தவிர, புதியவரை இது தூக்கிவிடாது. 25-க்கு 10 எடுப்பவர் நிறைய உள்ள கிளப்பில் கூட்டல் முறையே மேல்.

ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம் என்ற டவுன் த லைன் ட்ராப்பில், முதல் குழலில் உடைத்தால் 3, இரண்டாம் குழலில் உடைத்தால் 2 புள்ளி. 25 தட்டுக்கு 75. அங்கே சராசரியைப் புள்ளியில் வையுங்கள், உடைத்த எண்ணிக்கையைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். 25-ம் உடைத்து ஐந்தை இரண்டாம் குழலில் எடுத்தவரும் 70, முதல் குழலில் 22 எடுத்து, இரண்டாம் குழலில் 2 எடுத்து, ஒன்றைத் தவறவிட்டவரும் 70. அடுத்த மாதம் யார் முன்னேறுவார் என்பதைப் பயிற்சி கொடுப்பவர் அந்த இரண்டாவது எண்ணில்தான் பார்ப்பார்.

சமநிலை, புதியவர், விருந்தினர்

நேர் ஸ்கோரில் சமம் வந்தால் மோதல் சுற்று, முதலில் தவறவிடுபவர் வெளியே. ஹேண்டிகேப் பரிசில் அப்படிச் செய்தால் ஹேண்டிகேப் காணாமல் போய் நன்றாகச் சுடுபவரே வெல்வார். பரிசைப் பகிர்வது நல்லது. கோப்பையில் ஒரே பெயர்தான் பொறிக்கவேண்டும் என்றால் பத்துத் தட்டு விட்டு, ஹேண்டிகேப்பில் ஐந்தில் ஒரு பங்கைப் பின்னத்தோடு சேருங்கள். 12 உள்ளவருக்கு 2.4, 8 உள்ளவருக்கு 1.6. பின்னத்தை விட்டுவிடாவிட்டால் மறுபடி சமம் வருவது அரிது.

புதிய உறுப்பினர் முதல் மூன்று போட்டிகளில் நேர் ஸ்கோர் பரிசுக்கு மட்டும் தகுதி. அந்த மூன்றில் சிறந்த இரண்டின் சராசரியில் தற்காலிக ஹேண்டிகேப், உச்சம் 15. ஆறு போட்டி முடிந்ததும் வழக்கமான கணக்கு. வேறு மைதானத்தில் சிபிஎஸ்ஏ வகுப்பு பெற்றவர் வந்தால் அதை முதலிலேயே கேட்டு எழுதுங்கள்; அங்கே ஏ வகுப்பில் உள்ளவர் இங்கே சி-யில் தொடங்கக்கூடாது.

இங்கிலாந்தில் 1968 துப்பாக்கிச் சட்டத்தின் 11(6) பிரிவின்படி காவல்துறை அனுமதி பெற்ற நாளில், ஷாட்கன் சான்றிதழ் இல்லாத விருந்தினரும் செயற்கைத் தட்டு சுடலாம். அவர்களுடைய ஸ்கோரைப் பலகையில் போடுங்கள், ஹேண்டிகேப் பட்டியலிலோ நாள் திருத்தத்திலோ சேர்க்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, அடிப்படை எண், 80 சதவீதம், உச்ச வரம்பு, வெற்றி வெட்டு, வகுப்புக் கோடுகள், தேதி ஆகியவற்றுடன் கிளப் குடிலில் ஒட்டுங்கள். அதன் பக்கத்தில் ஒவ்வொருவருடைய கடைசி ஆறு ஸ்கோரும் ஹேண்டிகேப்பும் தெரியவேண்டும், யாரும் தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கும்படி. ஸ்கோர் கார்டில் பிழை என்றால் அன்றே, பரிசு கொடுப்பதற்கு முன் சொல்லவேண்டும். ஹேண்டிகேப்பில் பிழை என்றால் பட்டியல் ஒட்டிய ஏழு நாளுக்குள் எழுத்தில். கணக்குப் போடுபவரும் முறையீட்டைக் கேட்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. தன் ஹேண்டிகேப் விவாதத்துக்கு வரும்போது குழு உறுப்பினர் எழுந்து வெளியே போகவேண்டும்.